அடைப்புக்குறி முதலில், மரம் பிறகு

பினாங்கிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பது ஒரே வரிதான்: தமிழ் வாக்கியங்களுக்குத் தொடரியல் மரம் (வாக்கியத்தில் எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதைக் கிளைகளாகக் காட்டும் படம்) வரைய எந்த மென்பொருள் நல்லது? ஆனால் அந்த வரிக்கு முன்னும் பின்னும் நீங்கள் சொல்லியிருப்பவைதான் என்னை எழுத வைத்தன. முதுகலை ஆய்வேட்டில் 35 மரங்கள். வேர்டில் கோடு கோடாக இழுத்து வரைந்திருக்கிறீர்கள். மேற்பார்வையாளர் தம் கணினியில் திறந்தபோது கிளைகள் ஒரு பக்கமும் சொற்கள் ஒரு பக்கமுமாகக் கிடந்திருக்கின்றன. தோழி சொன்ன வேறொரு கருவியில் இட்டுப் பார்த்தால் ‘கொடுத்தாள்’ என்ற சொல்லில் கொம்பு எங்கோ, கால் எங்கோ, நடுவில் ஒரு புள்ளி வட்டம். ஒப்படைக்க ஐந்து வாரம் இருக்கிறது. வரைந்த மரம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது, ஐந்து வாரத்துக்குள் அதை எப்படி நிற்க வைப்பது என்பதையே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் கோலாலம்பூரில் பதினெட்டு ஆண்டுகளாக மொழியியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களின் ஆய்வேடுகளை அச்சுக்கு ஒழுங்கு செய்து தருவது பக்க வேலையாக ஒட்டிக்கொண்டது. கணினி அறிவியல் படித்தவன் அல்லன்; கை சுட்டுக் கற்றுக்கொண்டவன். விண்டோஸிலும் லினக்ஸிலும் வேலை செய்திருக்கிறேன். மேக் வைத்திருப்பவர்கள் நான் சொல்லும் அமைப்பு விவரங்களைத் தங்கள் கணினியில் ஒருமுறை சோதித்துவிட்டுப் பின்பற்றுவது நல்லது.

என் சொந்த ஆய்வேட்டை 2006இல் ஒப்படைத்தேன். அப்போது என்னிடம் இருந்தது ஆர்போரியல் என்ற எழுத்துரு. கஸ்காடில்லா பதிப்பகம் வெளியிட்டது. அதில் எழுத்துகளுக்குப் பதிலாகக் கிளைக்கோடுகள் இருக்கும். ஒரு விசையைத் தட்டினால் இரட்டைக் கிளை, இன்னொன்றைத் தட்டினால் முக்கோணம். சொற்களோ பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில். இரண்டையும் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி நேராக்கியிருந்தேன். வளாகத்துக்குப் பக்கத்தில் அட்டை கட்டித் தரும் கடையில் கோப்பைத் திறந்தால் அந்தக் கணினியில் இரண்டு எழுத்துருவும் இல்லை. கிளைகள் ஆங்கில எழுத்துகளாகவும் தமிழ்ச் சொற்கள் கட்டங்களாகவும் வரிசை கட்டி நின்றன. கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, குடும்ப மரமா? வாரிசு ஒருத்தரையும் காணோமே” என்றார். அன்று சிரிக்க முடியவில்லை. அதற்கு முந்தைய தீபாவளி விடுமுறை முழுவதும் அந்த மரங்களைத்தான் இரண்டாம் தடவையாக வரைந்திருந்தேன். ஒரு கணுவின், அதாவது கிளை பிரியும் புள்ளியின், பெயரை எல்லா மரங்களிலும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

அந்த விடுமுறை எனக்குக் கற்பித்ததையே உங்களுக்கும் முதலில் சொல்ல வேண்டும். மரத்தைப் படமாக வைத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். ‘தம்பி புத்தகத்தைத் தொலைத்தான்’ என்ற வாக்கியத்தின் மரம் இது:

[வாக் [பெதொ தம்பி] [விதொ [பெதொ புத்தகத்தை] [வி தொலைத்தான்]]]

இதற்கு அடைப்பு வரி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் அடைப்பும் ஒரு கணு. திறந்தவுடன் வருவது கணுவின் பெயர். அதற்குள் இருப்பவை அதன் பிள்ளைகள். ‘வாக்’ வாக்கியம், ‘பெதொ’ பெயர்த்தொடர், ‘விதொ’ வினைத்தொடர், ‘வி’ வினை. திறந்தவை ஐந்து, மூடியவை ஐந்து. கணக்குச் சரியாக இருந்தால் மரம் சரியாக வரும். (முன்பெல்லாம் வாக்கியத்துக்கு ‘வா’ என்றே சுருக்கம் வைத்திருந்தேன். உச்சியில் நின்று அது யாரை அழைக்கிறது என்று ஒரு மாணவி கேட்ட பிறகு ‘வாக்’ ஆக்கினேன்.) நோட்பேடில் ஒரு கோப்பு திறந்து, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து, 35 வாக்கியங்களையும் எண்ணிட்டு இப்படி எழுதிவிடுங்கள். இரண்டு நாள் வேலை. பிறகு மேற்பார்வையாளர் ‘விதொ’வை வேறு பெயராக மாற்றச் சொன்னால், தேடி மாற்றும் கட்டளை ஒன்று போதும். இப்போது பயன்பாட்டில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த அடைப்பு வரியைத்தான் உண்கின்றன. கருவி பிடிக்கவில்லை என்றால் வரியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம்.

எல்லாக் கருவியும் ஒரே அடைப்பை ஏற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வாக்கியங்களை மரங்களாகத் தொகுத்த பென் ட்ரீபேங்கின் மரபில் வந்தவை வளைந்த அடைப்பைக் கேட்கும். இணையக் கருவிகள் பெரும்பாலும் சதுர அடைப்பு. அச்சுக்கோப்பு மென்பொருளான லேட்டெக்கின் பழைய கியூட்ரீ தொகுப்பு கணுப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியையும் மூடும் அடைப்புக்கு முன்னால் ஓர் இடைவெளியையும் எதிர்பார்க்கும். அந்த இடைவெளியை மறந்தால் வரும் பிழைச் செய்தியிலிருந்து ஒன்றும் விளங்காது. ஆனாலும் இவையெல்லாம் தேடி மாற்றுவதில் தீர்கிற வேறுபாடுகள்.

இனி ‘கொடுத்தாள்’ ஏன் உடைந்தது என்பதற்கு வருகிறேன். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஆகவே உறுதியாகவே சொல்லலாம். யூனிகோடில் ‘கொ’ என்பது ககரம், அதைத் தொடர்ந்து ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை ககரத்துக்கு முன்னால் நகர்த்தி, காலைப் பின்னால் வைத்துக் காட்டுவது கணினியில் எழுத்தைக் கோக்கும் பகுதியின் வேலை. உலாவிகளில் அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது, வேர்டிலும் இருக்கிறது. ஆனால் சின்னச் சின்ன வரைகருவிகளை எழுதியவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் இடமிருந்து வலமாக அடுக்கினால் போதும் என்று நினைத்திருப்பார்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் கொம்பு உள்ள எழுத்துகள் எல்லாம் சிதறிவிடும். ஆக, எந்தக் கருவியைச் சோதித்தாலும் முதலில் ‘கொடுக்கிறோம்’ என்று இட்டுப் பாருங்கள். கொம்பும் இரட்டைக் கொம்பும் காலும் விசிறியும் அந்த ஒரே சொல்லில் வந்துவிடும். அது நேராக வந்தால் மற்றவையும் வரும்.

இதனால்தான் படத்தைச் சர்வரில் வரைந்து அனுப்பும் பழைய இணையக் கருவிகளைவிட, உங்கள் உலாவிக்குள்ளேயே வரையும் கருவிகள் தமிழுக்கு ஏற்றவை. ஆன்ட்ரே ஐசன்பாக் 2003இல் தொடங்கிய பிஎச்பிசிண்டாக்ஸ்ட்ரீ முதல் வகை. அதே கையிலிருந்து பிறகு வந்த ஜேஎஸ்சிண்டாக்ஸ்ட்ரீ இரண்டாம் வகை. அடைப்பு வரியை மேலே ஒட்டினால் கீழே மரம் உடனுக்குடன் வளரும். ஓர் அடைப்பை நீக்கினால் மரம் நிலைகுலைவதும் கண்முன்னே தெரியும். முதலாண்டு வகுப்புக்கு நான் இதையே காட்டுகிறேன். மைல்ஸ் ஷாங் எழுதிய சிண்ட்ரீ என்ற கருவியும் இதே போல உலாவியில் ஓடுவதுதான். யோயிச்சிரோ ஹசெபே எழுதிய ஆர்சிண்டாக்ஸ்ட்ரீ பிடிஎஃப், எஸ்விஜி (பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப் படம்) ஆகிய வடிவங்களிலும் கோப்பு தரும். அதிலும் ‘கொடுக்கிறோம்’ சோதனையை நடத்திவிட்டே இறங்குங்கள்.

ஜேஎஸ்சிண்டாக்ஸ்ட்ரீயைப் பயன்படுத்தினால் ஒரு கண்ணியைக் கவனியுங்கள். ஒரே பெயருள்ள கணுக்கள் பல வந்தால் அவற்றுக்குத் தானாகவே கீழெண் இடும் வசதி அதில் உண்டு. பெதொ₁, பெதொ₂ என்று அழகாகத்தான் தெரியும். ஆனால் மொழியியலில் கீழெண்ணுக்கு ஒரு பொருள் இருக்கிறது: ஒரே எண் தாங்கியவை ஒன்றையே குறிக்கின்றன என்று. கருவி போட்ட எண்ணைத் தேர்வாளர் உங்கள் கூற்று என்று எடுத்துக்கொண்டு, தம்பியும் புத்தகமும் ஏன் வேறு வேறு எண் பெற்றன என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும். கேட்டிருக்கிறார்கள். அந்த வசதியை அணைத்துவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் நீங்களே எண் போடுங்கள்.

சுட்டியால் இழுத்து வரையும் கருவிகளும் இருக்கின்றன. டொனால்ட் டெரிக்கின் ட்ரீஃபார்ம் ஜாவாவில் ஓடுவது. கணுக்களை இழுத்து ஒட்டலாம், கிளைகள் தாமாக ஒழுங்காகும். எஸ்ஐஎல் நிறுவனத்தின் லிங்ட்ரீ அடைப்பு வரியையும் ஏற்கும். இரண்டையும் நான் சில நாள்களுக்கு மேல் பயன்படுத்தியதில்லை. குறை சொல்லும் அளவுக்குப் பழகவில்லை. பத்துப் பதினைந்து மரங்களுக்குச் சுட்டி போதும். 35 மரங்களுக்கு மணிக்கட்டுதான் வலிக்கும்.

அச்சுத் தரம் என்று வந்துவிட்டால் என் வாக்கு லேட்டெக்கின் ஃபாரஸ்ட் தொகுப்புக்கு. ஸ்லொவேனியாவைச் சேர்ந்த சாஷோ ஷிவானோவிச் மொழியியல் மரங்களை மனத்தில் வைத்தே எழுதியது, 2012இல் வெளிவந்தது. அடைப்பு வரியை அப்படியே ஏற்கும். கிளைகளை முடிந்தவரை நெருக்கி அடுக்கும். நுனிச் சொற்களையெல்லாம் ஒரே கிடைக்கோட்டில் நிறுத்தச் சொல்லலாம், முக்கோணம் போடலாம், ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்த அம்பு இழுக்கலாம். உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படுவது அந்த அம்பு. ஏனென்றால் உங்கள் கேள்வியில் நீங்கள் காட்டிய வாக்கியம் ‘அம்மா வாங்கிய புத்தகத்தைத் தம்பி தொலைத்துவிட்டான்’. செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் நிற்கிறது. அது தன் இடத்திலிருந்து முன்னுக்கு நகர்ந்தது என்பது உங்கள் மேற்பார்வையாளரின் கொள்கை என்றால், விட்டுப்போன இடத்தில் ஒரு தடத்தையும், அங்கிருந்து முன்னிடத்துக்கு ஓர் அம்பையும் காட்டியாக வேண்டும்.

லேட்டெக்கில் தமிழ் எழுதுவோர் வழக்கமாக விழும் குழிகள் இவை. பிடிஎஃப்லேட்டெக் என்ற இயக்கியில் யூனிகோடு தமிழ் நேரடியாக வராது. ஸீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக்குக்கு மாற வேண்டும். ஓவர்லீஃப் போன்ற இணையத் தளத்தில் வேலை செய்தால் அமைப்புப் பட்டியலில் ஒரு சொடுக்குதான். எழுத்துருவை அழைக்கும் வரியில் எழுத்து முறை தமிழ் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். அதை விட்டுவிட்டால், நல்ல எழுத்துருவே இருந்தாலும் கொம்பு இடம் மாறாமல் நிற்கும். எழுத்துருவைப் பழிப்போம், பழி நம்முடையது. லுவாலேட்டெக்கில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோவைக் கருவியையும் கேட்டு வாங்க வேண்டும். எழுத்துருக் கோப்பை உங்கள் திட்டத்திலேயே ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. கணுவுக்குள் காற்புள்ளியோ சமக்குறியோ வந்தால் ஃபாரஸ்ட் குழம்பும். அந்தச் சொல்லை நெளிவு அடைப்புக்குள் வைத்துவிட வேண்டும். பிறகு உயரம். ‘கி’, ‘டீ’ முதலியவற்றின் வளைவு மேலே எழும், ‘கு’, ‘ஞு’ போன்றவற்றின் சுழி கீழே இறங்கும். கணுக்களுக்கிடையே இயல்பாக விடப்படும் இடைவெளி ஆங்கிலத்துக்கு அளந்தது என்பதால் கிளைக்கோடு ‘வி’யின் தலையில் வந்து குத்தும். மட்டங்களுக்கிடையே தூரத்தைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும்.

உங்கள் புலம் வேர்ட் கோப்பைத்தான் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வாரத்தில் முழு ஆய்வேட்டையும் லேட்டெக்குக்கு மாற்றுவது என்ற எண்ணம் வந்தால் அதைக் கைவிடுங்கள். மரங்களை மட்டும் அங்கே வரையுங்கள். ஸ்டாண்டலோன் என்ற ஆவண வகை ஒவ்வொரு மரத்தையும் அதன் அளவுக்கே வெட்டிய பிடிஎஃப் பக்கமாகத் தரும். அதை எஸ்விஜியாக மாற்றி வேர்டில் படமாகச் செருகலாம். அண்மைய வேர்ட் பதிப்புகள் எஸ்விஜியை ஏற்கின்றன. மாற்றும்போது எழுத்துகளைக் கோட்டுருவங்களாக ஆக்கச் சொல்லுங்கள். இங்க்ஸ்கேப்பில் அதற்கு வழி இருக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் எஸ்விஜிக்குள் எழுத்துருவின் பெயர் மட்டுமே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 2006இல் நான் கண்ட கட்டங்களை நீங்களும் காண்பீர்கள். எஸ்விஜி ஒத்துவரவில்லை என்றால் 600 புள்ளி அடர்த்தியில் பிஎன்ஜி. திரையில் தெரிவதைப் படம் பிடித்து ஒட்டுவது மட்டும் வேண்டாம். அச்சில் கிளைகள் மங்கி, கறையான் அரித்ததுபோல் இருக்கும். கடைசியில் அட்டை கட்டும் கடைக்குப் போவது பிடிஎஃப்பாக மட்டுமே இருக்கட்டும், எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப்பாக.

எழுத்துரு என்றதும் நம்மூர்ச் செய்தி ஒன்று. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியாக்காரர். மேக் கணினியோடு வரும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவின் பெயரில் இருக்கும் எம்என் அவர்தான். உங்கள் மேற்பார்வையாளர் மேக் வைத்திருந்து, நீங்கள் விண்டோஸில் லதா, நிர்மலா போன்ற எழுத்துருவில் தட்டச்சிட்டிருந்தால், கோப்பைத் திறந்தவுடன் எழுத்துரு மாறும். ஒவ்வொரு சொல்லின் அகலமும் மாறும். கோடுகளோ இழுத்த இடத்திலேயே நிற்கும். கிளைகள் ஒரு பக்கம், சொற்கள் ஒரு பக்கம் என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்லக் கோப்பைப் பார்க்க வேண்டும். கோடுகள் ஒரே குழுவாகக் கட்டப்படாமல் பத்தியோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே விளைவுதான். இரண்டுக்கும் மருந்து ஒன்று: வேர்டில் கோடு போடாமல் இருப்பது.

கருவியை முடிவு செய்த பிறகும் தமிழ் மரம் தரும் தொல்லை அகலம். ஆங்கில நூல்களில் மரங்கள் ஒல்லியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சொற்கள் சிறியவை. நம் சொற்கள் வேற்றுமையும் காலமும் பாலும் இடமும் சுமந்து வருபவை. ‘தொலைத்துவிட்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே நுனி ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி, பூதக்கண்ணாடி தேவைப்படும் நிலைக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட, பேசுபொருள் அல்லாத பகுதிக்கு முக்கோணம் போட்டு மூடிவிடுவது மேல். ‘அம்மா வாங்கிய’ என்ற எச்சத்தொடரின் உள்ளமைப்பு அந்தப் பக்கத்தில் வாதத்துக்கு வரவில்லை என்றால் அதை விரிக்க வேண்டியதில்லை; வேண்டுமென்றால் அடுத்த மரமாகத் தனியே வரையுங்கள். ஃபாரஸ்டில் மரத்தைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, இடமிருந்து வலமாக வளரவும் விடலாம். நீண்ட சொற்கள் அப்போது ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பார்ப்பவருக்குக் கொஞ்சம் பழக வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிப்பதில்லை.

இனிச் சொல்பவை கருவியின் கையில் இல்லாதவை. இவற்றில் என் பழக்கத்தைச் சொல்கிறேன், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலாவது ஒற்று. ‘புத்தகத்தைத் தம்பி’ என்று வாக்கியத்தில் எழுதுகிறோம். மரத்தில் ‘புத்தகத்தைத்’ தனி நுனியாகத் தொங்கும்போது அந்தத் தகர ஒற்று எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? அடுத்த சொல் வேறு கிளையில் இருக்கிறது. நான் நுனியில் ஒற்றை நீக்கி ‘புத்தகத்தை’ என்று எழுதி, மரத்தின் கீழே முழு வாக்கியத்தைப் புணர்ச்சியோடு தருகிறேன். எழுதியபடியே நுனியிலும் இருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. தேர்வாளர்களில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தால் ஒற்று இல்லாததைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். எதைப் பின்பற்றினாலும் முதல் மரத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, ‘தொலைத்துவிட்டான்’ ஒரு நுனியா, இரண்டா? எழுத்தில் ஒரே சொல். ஆனால் ‘தொலைத்து’ வினையெச்சம், ‘விட்டான்’ துணைவினை என்று பிரித்தால் இரண்டு கணு. காலமும் பாலும் காட்டுவது துணைவினை என்பதால் பிரிப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. உங்கள் ஆய்வு துணைவினை பற்றியது இல்லை என்றால் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஒரு மரத்தில் பிரித்து அடுத்ததில் சேர்ப்பதுதான் தவறு.

மூன்றாவது பெரியது. தமிழில் வினைத்தொடர் என்று ஒரு தனிக் கணு உண்டா, அல்லது எழுவாயும் செயப்படுபொருளும் வினையோடு ஒரே மட்டத்தில் தொங்குகின்றனவா? சொல் வரிசை நெகிழ்வாக உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் எழுந்த வாதம் இது. மேலே நான் எழுதிய அடைப்பு வரியில் ‘விதொ’வைப் போட்டதன் மூலம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதற்கு மரம் போடச் சொன்னால் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும்: நம் இலக்கணப்படி ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை, எழுவாய் ஆகாது, இன்றைய தொடரியலில் அதை எழுவாயின் இடத்தில் வைப்போர் பலர். மென்பொருள் இரண்டையும் ஒரே அழகோடு வரைந்து தரும். அழகாக வந்துவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்று மயங்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

மரம் எதற்கு என்றே ஐயம் வரும்போது நான் வகுப்பில் எழுதிப் போடும் தொடர் ‘பழைய புத்தகக் கடை’. கடை பழையதா, புத்தகம் பழையதா? (‘பெ’ பெயர், ‘அடை’ பெயரடை.)

[பெதொ [அடை பழைய] [பெ [பெ புத்தகம்] [பெ கடை]]]

[பெதொ [பெ [அடை பழைய] [பெ புத்தகம்]] [பெ கடை]]

முதலாவதில் கடை பழையது. புத்தகங்கள் நேற்று வந்தவையாகவும் இருக்கலாம். இரண்டாவதில் புத்தகங்கள் பழையவை. கடை போன வாரம் திறந்ததாகவும் இருக்கலாம். இரண்டு வரிகளையும் ஜேஎஸ்சிண்டாக்ஸ்ட்ரீயில் மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள், ‘பழைய’ ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது தெரியும். பைத்தான் நிரல்மொழியில் என்எல்டிகே என்ற மொழிப் பகுப்பு நூலகத்தை நிறுவினால், இரண்டு மூன்று விதிகளைக் கொடுத்து இந்தத் தொடருக்கு எத்தனை மரம் சாத்தியம் என்று கணினியையே எண்ணச் சொல்லலாம். இரண்டையும் அது கண்டுபிடித்துவிடும். அதே நூலகம் மரத்தைச் சாளரத்தில் வரைந்தும் காட்டும். ஆனால் லினக்ஸில் அந்தச் சாளரத்தில் தமிழ் சிதைந்து வந்ததைக் கண்டிருக்கிறேன். எழுத்துகளால் கோடு போட்டுக் காட்டும் வடிவத்தில், மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் கிளைகள் சொல்லின் நடுவுக்கு வராமல் விலகும். ஆக, விதிகளைச் சோதிக்க என்எல்டிகே. அச்சுக்கு வேறு கருவி.

வாக்கியத்தைக் கொடுத்தால் மரத்தைத் தானே வரைந்து தரும் கருவி உண்டா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். சார்பு மரங்களுக்கு உண்டு. அந்த மரபில் தொடர்க் கணுக்களே கிடையாது. சொல்லிலிருந்து சொல்லுக்கு நேராகக் கோடு. பல மொழிகளின் சார்பு மரங்களைத் திரட்டும் யுனிவர்சல் டிபெண்டென்சீஸ் தொகுப்பில் தமிழுக்கு டிடிபி என்ற மரவங்கி, அதாவது மரம் குறித்து வைத்த வாக்கியத் தொகுப்பு, இருக்கிறது. அதில் இருப்பவை 600 வாக்கியங்கள். ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்சா போன்ற, வாக்கியத்தைத் தானாகப் பகுக்கும் பகுப்பிகள் தமிழைக் கற்றது அதிலிருந்துதான். 600 வாக்கியம் படித்த பிள்ளையிடம் ஆய்வேட்டின் வாக்கியத்தைக் கொடுத்தால் என்ன கிடைக்குமோ அதுவே கிடைக்கும்: சின்ன வாக்கியங்களில் தேறும், எச்சத்தொடர் இரண்டு அடுக்கியவுடன் தடுமாறும். உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் அடைப்பு வரி கேட்டு வாங்கி வந்த மாணவர் ஒருவரின் தாளையும் திருத்தியிருக்கிறேன். அடைப்புகளின் கணக்கு அப்பழுக்கில்லாமல் இருந்தது. ‘நேற்று’ மட்டும் ‘வாங்கிய’ என்பதோடு சேராமல் ‘தொலைத்தான்’ என்பதோடு போய்ச் சேர்ந்திருந்தது. எழுதியவர் நேற்று வாங்கியதைச் சொல்ல வந்தார். மரம் நேற்றுத் தொலைந்ததைச் சொன்னது. அடைப்பைச் சரிபார்க்க அவற்றைப் பயன்படுத்துங்கள். முடிவு எடுப்பது நீங்களாக இருங்கள்.

ஐந்து வாரத்துக்கு என் யோசனை இதுதான். இந்த வார இறுதிக்குள் 35 அடைப்பு வரிகள். அவற்றை ஜேஎஸ்சிண்டாக்ஸ்ட்ரீயில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பிழை பார்த்து, அந்தப் படங்களையே மேற்பார்வையாளரிடம் காட்டிக் கணுப் பெயர்கள், ஒற்று, துணைவினை, தடம் நான்கிலும் அவர் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். அதன் பிறகுதான் ஃபாரஸ்ட். அம்பு இல்லாத மரங்கள் முதலில், அம்பு உள்ளவை கடைசியில். லேட்டெக் இதற்கு முன் தொட்டதே இல்லை என்றால் முதல் மரத்துக்கு ஒரு முழு நாள் போகும். அதில் மனம் தளர வேண்டாம், பத்தாவது மரத்துக்குப் பத்து நிமிடம்தான் ஆகும். இரண்டு நாள் போராடியும் முதல் மரம் வரவில்லை என்றால் ஃபாரஸ்டை விட்டுவிட்டு, இணையக் கருவியின் படங்களையே பெரிய அளவில் இறக்கிச் செருகி ஒப்படையுங்கள். அதற்காக யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் காட்டிய வாக்கியத்துக்கு, நகர்வுக் கொள்கையை ஏற்றுக்கொண்டு, துணைவினையைப் பிரிக்காமல், ஒற்றை நீக்கி நான் எழுதினால் இப்படி வரும்:

[வாக் [பெதொ₁ [எச்ச அம்மா வாங்கிய] [பெ புத்தகத்தை]] [வாக் [பெதொ தம்பி] [விதொ [பெதொ தடம்₁] [வி தொலைத்துவிட்டான்]]]]

திறந்தவை ஒன்பது, மூடியவை ஒன்பது. ‘எச்ச’ கணுவுக்கு முக்கோணம். அம்பு ‘தடம்₁’ என்ற நுனியில் தொடங்கி, ‘தம்பி’யின் கீழாக வளைந்து, ‘பெதொ₁’இல் முடிய வேண்டும். ஒட்டிப் பாருங்கள், அம்பு வேறெங்காவது போய் முட்டினால் அடைப்பு வரியையும் பிழைச் செய்தியையும் இங்கேயே இடுங்கள், பார்க்கிறேன்.